விரலில் இருந்த இலக்கம்

மாமிக்கு அந்த இலக்கத்தைச் சொல்லத் தெரியாது, அழுத்தத்தான் தெரியும். இது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மாமிக்கே தெரிந்திருக்கவில்லை. வீட்டுத் தொலைபேசியின் வயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு கம்பனி ஆட்கள் போன பிறகுதான் தெரியவந்தது.

புளியங்குளம் சந்தியிலிருந்து உள்ளே திரும்பும் வீதியில் எங்கள் வீடு. முன்னால் நான் நடத்தும் சின்னக் கடை. கணவர் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். பிள்ளைகள் வவுனியாவில் விடுதியில் நின்று படிக்கிறார்கள். ஆக, வீட்டில் நானும் மாமியும்தான். மாமி என்றால் கணவரின் தாய். சீனி வருத்தம் முதலில் அவருடைய கால்விரல் ஒன்றைத் தின்றது, பிறகு இரண்டு கண்களையும் தின்றது. ஆனால் வாயை ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொன்னால் மாமியே சிரிப்பார்.

யுத்தம் முடிந்து வீதி போட்டு, கம்பம் நட்டு, எங்கள் பக்கம் வயர் வந்தபோது எடுத்த தொலைபேசி அது. யன்னலோரம் ஒரு முக்காலியில் இருந்தது. வெள்ளையாக வந்து, மஞ்சள் அடித்துப்போயிருந்தது. பிள்ளைகளும் நானும் கைத்தொலைபேசிக்கு மாறிய பிறகு அதைத் தொடுகிற ஆள் மாமி ஒருவர்தான். மத்தியானச் சோறு தின்று, கை கழுவி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, கதிரையில் இருந்து, ரிசீவரைத் தூக்குவார். விரல்கள் ஓடும். அந்தப் பக்கம் ஒரு பெண் "ஆ, சொல்லு" என்பாள். ஹலோ என்று ஒருநாளும் இரண்டு பேரும் சொன்னதில்லை.

அந்தப் பெண்ணை மாமி கூட்டாளி என்றுதான் சொல்வார். முல்லைத்தீவில் அடுத்தடுத்த வளவில் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள். முஸ்லிம் சனம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட நாளில், கூட்டாளி தன் கைத்தையல் மெசினைத் தூக்கிக்கொண்டுவந்து மாமியின் விறாந்தையில் வைத்துவிட்டு, கெதியாய் வந்து எடுக்கிறேன் என்று சொல்லிப் போனாளாம். புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். மாமி அந்த மெசினை இடப்பெயர்வுக்கு இடப்பெயர்வு தூக்கிக்கொண்டு திரிந்தார். கடைசியில், சோற்றுப்பானையையே விட்டுவிட்டு ஓடிய நாளில் அதையும் விட்டார்.

எல்லாம் முடிந்து நாங்கள் இங்கே வந்து இருந்த பிறகு, முல்லைத்தீவில் தங்கள் காணியைப் பார்க்க வந்த முஸ்லிம் ஆட்கள் சிலர் சந்தியில் தேநீருக்கு இறங்கினார்கள். என் கணவர் கதைகொடுத்தபோது அவர்களில் ஒருவர் கூட்டாளிக்குச் சொந்தம் என்று தெரியவந்தது. தொலைபேசி இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடிவந்தார். முதல் நாள் மாமி எடுத்த எடுப்பில், மெசின் துலைஞ்சுபோச்சு என்றுதான் சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. நான் பக்கத்தில் நின்றேன், அதனால் தெரியும்.

அப்போது மாமிக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. இலக்கத்தை வாசிக்க முடியவில்லை. கணவர் கட்டாருக்குப் போகமுதல் பக்கத்தில் இருந்து மாமியின் விரலைப் பிடித்துப் பிடித்து அழுத்தப் பழக்கினார். எண் அழுத்தும் கட்டைகளில் நடுவில் இருக்கிறதில் ஒரு சின்னப் புள்ளி தட்டுப்படும், அங்கிருந்து மேலே, பக்கத்தில், கீழே என்று. சின்ன வயதில் மாமி அவருக்கு அரிசியில் ஆனா எழுதப் பழக்கியதைத் திருப்பிச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டார். உள்ளங்கையில் எழுதியது முதலில் நாட்காட்டிக்குப் போனது, நாட்காட்டி வருடம் முடிய அடுப்புக்குப் போனது. யாருக்கும் கவலை இல்லை. இலக்கம் மாமியிடம் இருந்தது.

அவர்கள் கதைப்பது பெரும்பாலும் கறியைப் பற்றியும் மருமக்களைப் பற்றியும். கூட்டாளிக்கும் ஒரு மருமகள் வாய்த்திருந்தாள். என்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்பது கடைக்குள் இருக்கிற எனக்கு அப்படியே கேட்கும். நான் புளி கூடப் போடுகிறேனாம். கடையில் நிற்கிற அளவு நேரம் வீட்டில் நிற்பதில்லையாம். ஒருநாள் பொறுக்கமுடியாமல், எனக்குக் காது நல்லாக் கேட்கிறது என்று உள்ளே சத்தம்போட்டுச் சொன்னேன். மாமி குரலைக் கூட்டி, "இந்தா, இப்ப கேட்டுக்கொண்டு நிக்கிறாள்" என்று அதையும் சொன்னார். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பிறகு தொலைபேசிக் கம்பனியிலிருந்து அறிவித்தல் வந்தது. பழைய வயர் இணைப்புகளை எல்லாம் நிறுத்துகிறார்களாம், விரும்பினால் புது பைபர் இணைப்புக்கு மாறலாமாம். கணவரிடம் கேட்டேன். எல்லாரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது, பிறகு எதற்கு மாதக் கட்டணம் என்றார். மாமியிடமும் கேட்டேன். எனக்காக வீண் செலவு வேண்டாம், கைத்தொலைபேசி ஒன்று தந்தால் போதும் என்று அவரே சொன்னார். அன்று மத்தியானம் கூட்டாளியிடமும் பெருமையாகச் சொன்னார், தனக்குப் புதுப் போன் வருகிறது என்று. அவளும் சந்தோஷப்பட்டாள். பழைய பானையைக் கொடுத்துப் புதுப் பானை வாங்குகிற மாதிரித்தான் அந்த இரண்டு பேரும் நினைத்தார்கள். பானை மாறினாலும் அடுப்பு அங்கேயேதானே இருக்கும். இலக்கம் வயரோடு போய்விடும் என்பது இரண்டு தலையிலும் உதிக்கவில்லை. என் தலையிலும்தான்.

ஆவணி மாதம் வந்து கழற்றினார்கள். கருவியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கிழமையே கணவரின் நண்பர் ஒருவர் மூலம் கட்டாரிலிருந்து ஒரு தொடுதிரைப் போன் வந்து சேர்ந்தது. மாமி அதைக் கையில் வாங்கித் தடவினார். முன்னுக்கும் தடவினார், பின்னுக்கும் தடவினார்.

"இதிலை முகமே இல்லையே பிள்ளை."

பரவாயில்லை மாமி, கூட்டாளியின் இலக்கத்தைச் சொல்லுங்கள், நான் பதிந்துவிடுகிறேன் என்றேன். மாமி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. திரும்பவும் திறந்தார். வலது கை மட்டும் மடியிலிருந்து கிளம்பி, முன்னால் முக்காலி இருந்த இடத்தில், வெறும் காற்றில் போய் நின்றது.

கண்ணாடித் திரையில் விரலைப் பிடித்து வைத்துப் பார்த்தேன். தட்டுப்பட ஒன்றும் இல்லாததால் விரல் வழுக்கிக்கொண்டு எங்கேயோ போனது. ஒரு தடவை யாரோ சிங்களத்தில் ஏசினார்கள். கணவரிடம் கேட்டால், உள்ளங்கையில் எழுதியதை இத்தனை வருடம் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்றார். கம்பனி அலுவலகத்துக்குப் போனேன். மூடின கணக்கில் எந்த இலக்கத்துக்கு எடுத்தார்கள் என்பதைக் கொடுக்க வழியில்லை என்று அங்கிருந்த பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னாள். முல்லைத்தீவிலிருந்து வான் வண்டியில் துணி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரியிடம் கேட்டேன். என்ன ஊர், புருஷன் என்ன பெயர் என்று அவர் கேட்டார். மாமிக்குத் தெரிந்தது கூட்டாளியின் செல்லப்பெயரும், வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால் என்பதும்தான். புத்தளத்தில் எந்த வீடுதான் பள்ளிக்குப் பின்னால் இல்லை என்று சொல்லி அவர் சிரித்தார். ஆனாலும் விசாரித்துப் பார்க்கிறேன் என்றார்.

அப்போதுதான் எனக்குக் கல்குலேட்டர் யோசனை வந்தது. கடையில் கணக்குப் பார்க்கிற பெரிய கட்டை வைத்தது. நடுக்கட்டையில் அதே மாதிரிப் புள்ளியும் இருக்கிறது. கொண்டுபோய் மாமியின் மடியில் வைத்தேன். மாமி நடுவைத் தேடிப் பிடித்தார். முகம் மலர்ந்தது. "ஓம், இது தான்" என்றார். பிறகு நான் கண்ணால் பின்தொடர முடியாத வேகத்தில் அழுத்தினார். ஒரு இடத்திலும் தயங்கவில்லை. திரையில் விழுந்ததைப் பார்த்து, கல்குலேட்டர் காட்டாத முதல் பூச்சியத்தையும் சேர்த்து, என் போனில் அப்படியே அழுத்தினேன்.

அப்படி ஒரு இலக்கமே பாவனையில் இல்லை என்றது குரல். பார்த்தால், தொடக்கமே பிழை. இலங்கையில் எந்த ஊருக்கும் அப்படி ஒரு தொடக்கம் கிடையாது. திரும்ப அழுத்தச் சொன்னேன். அதே இலக்கம்தான் வந்தது. இன்னொரு தடவை. அதேதான்.

மாமி, உங்களுக்கு மறந்துபோச்சு என்று சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன், அடுப்பில் சோறு கொதிக்கிறது என்று சொல்வது போல. மாமி கல்குலேட்டரை என்னிடம் நீட்டினார்.

அன்றிலிருந்து மாமி வேறு ஆள். கண் போனபோதுகூட அவர் இப்படி இருக்கவில்லை. கண் போன பிறகும் தேங்காய் துருவினார், அரிசியில் கல் பொறுக்கினார், குசினியில் எந்தப் போத்தல் எங்கே என்று எனக்குச் சொன்னார். இப்போது தேங்காயைக் கொடுத்தால், நீயே துருவு பிள்ளை, எனக்குச் சரிவராது என்றார். காலையில் எழும்பி, இண்டைக்கு என்ன கிழமை என்று கேட்பார். நான் சொல்லமுதல் தானே சொல்லுவார், சரியோ என்று கேட்பார். மத்தியானத்தில் தன் உடன்பிறந்தவர்களின் பெயர்களை மூத்ததிலிருந்து கடைசிவரை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டிருக்கிறேன். செத்தவர்களையும் சேர்த்துத்தான். எல்லாம் சரியாகத்தான் வந்தன. ஆனாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தன்னுடைய தாய் கடைசிக் காலத்தில் பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் இருந்ததை எனக்கு ஒரு தடவை சொல்லியிருந்தார். அதுதான் தனக்கும் தொடங்கிவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்.

என் சமையலைக் குறைசொல்வதையும் நிறுத்திவிட்டார். புளியைக் கூடப் போட்டுப் பார்த்தேன். பேசாமல் தின்றார். எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

தைப்பொங்கல் போய், அறுவடை நடந்துகொண்டிருந்தது. கமம் செய்கிற ஒரு வயதான ஐயா கடைக்கு வந்து, தன் பட்டன் போனை நீட்டி, நெல் ஏற்றுகிற லொறிக்காரருக்கு எடுத்துத் தரச் சொன்னார். கண்ணாடியை வயலில் விட்டுவிட்டாராம். நான் அவருடைய சாமான்களுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இடது கையில் அவருடைய போன், வலது பக்கம் கல்குலேட்டர். போனில் ஒன்று இருக்கிற இடத்தில் கல்குலேட்டரில் ஏழு இருந்தது. இரண்டு இருக்கிற இடத்தில் எட்டு. போனில் ஒன்று, இரண்டு, மூன்று மேலே. கல்குலேட்டரில் கீழே. எத்தனை வருடமாக இரண்டையும் தட்டுகிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை.

ஐயாவை எப்படி அனுப்பினேன் என்று ஞாபகம் இல்லை. அன்று நான் எடுத்த பிழை இலக்கம் இன்னும் என் போனில்தான் கிடந்தது. தேடிப் பிடித்து, மேலிருந்ததைக் கீழே, கீழிருந்ததை மேலே என்று மாற்றினேன். தொடக்கம் புத்தளத்துக்குரியதாகவே வந்தது. கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"மாமி, உங்களுக்கு மறக்கேல்லை. உங்கடை விரல் சரி. கல்குலேட்டரிலைதான் இலக்கம் தலைகீழா இருந்திருக்கு."

மாமிக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். போனில் எப்படி, கல்குலேட்டரில் எப்படி என்று அவருடைய உள்ளங்கையில் என் விரலால் கட்டம் கட்டமாகத் தொட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்ப எனக்கு அந்த வருத்தம் இல்லையோ" என்றார். இல்லை என்றேன். அழுதார். நானும் அழுதேன், ஏன் மறைக்க வேண்டும். பிறகு சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எடு" என்றார். மாதக்கணக்கில் காத்திருந்த ஆளின் குரல் இல்லை அது, பழைய மாமியின் குரல்.

அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு எடுத்தேன். மணி அடிக்கவில்லை. சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பெண் குரல், இந்த இலக்கம் தற்போது பாவனையில் இல்லை என்றது. அங்கேயும் வயரைக் கழற்றிவிட்டார்கள்.

மாமி முகத்தைப் போன் பக்கம் திருப்பினார். "அவளிட்டை இருக்கிறதும் எங்கடை பழைய நம்பர்தானே" என்றார். "அவள் எடுத்தால் அங்கை என்ன கேட்கும்?"

எனக்கு அது தோன்றவேயில்லை. என் சொந்த வீட்டு இலக்கத்துக்கு நானே எடுத்தேன். மணி அடித்தது. எங்கள் முக்காலியில் அடிப்பது போலவே ஒரு கணம் எனக்கு இருந்தது. ஒரு பெடியன் எடுத்தான். கனகராயன்குளத்தில் பசளையும் கிருமிநாசினியும் விற்கிற கடையாம். பொங்கலோடு திறந்தானாம். பைபர் போட்டபோது கம்பனி கொடுத்த இலக்கமாம் இது.

இந்த இலக்கம் முன்பு எங்களுடையது, வயதான அம்மா யாராவது எடுத்தாவா என்று கேட்டேன். கடையில் நின்ற யாரையோ கொஞ்சம் பொறுக்கச் சொன்னான்.

"ஓம் அக்கா, எடுத்தவா. ஒவ்வொரு நாளும் மத்தியானம் எடுப்பா. முதல் நாள் நான் ஹலோ எண்ட உடனை அழுதுபோட்டா. இவ்வளவு நாளும் மணியே அடிக்கேல்லையாம், இப்பதான் அடிக்குதாம். பிழையான நம்பர் எண்டு சொன்னனான். இல்லை மகன், இது என்ரை கூட்டாளி வீடு எண்டு அடுத்த நாளும் எடுத்தவா. எனக்கு யாவார நேரம் அக்கா. ஒருநாள், உண்மையைச் சொல்லு மகன், அவ மவுத்தாப் போயிட்டாவா, உயிரோடை இல்லையா எண்டு கேட்டவா."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும்? இருக்கலாம் எண்டு சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகு எடுக்கேல்லை."

ஸ்பீக்கரை நிற்பாட்ட வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பிந்திவிட்டது. மாமி கையை நீட்டி, போன் எங்கே இருக்கிறது என்று தடவிப் பிடித்து, வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"தம்பி, அது நான் தான். அவ திரும்ப எடுத்தா, நான் இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

அவன் ஓம் அம்மா, ஓம் அம்மா என்று கனதரம் சொன்னான். அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறந்துபோச்சு என்று சொன்ன வாய்தானே என்னுடையதும். என் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். எடுப்பவர்களின் இலக்கம் அவனுடைய போனில் விழாதாம், அதனால் என்னுடையதைப் போனுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவைத்தானாம்.

கிழமைக்கு ஒரு தடவை இப்போது அவனுக்கு எடுக்கிறேன். நான் கேட்கமுதலே, இல்லை அக்கா, இன்னும் எடுக்கேல்லை என்பான். துணி வியாபாரியும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார். போகிற இடமெல்லாம் கேட்கிறாராம். அந்தப் பெயரில் அங்கே கனபேர் இருக்கிறார்களாம். மாமி திரும்பவும் தேங்காய் துருவுகிறார். நேற்று, புளி கூட என்று சொல்லி என் கறியைத் தள்ளிவைத்தார். எனக்கு வந்த சந்தோஷத்தை அவருக்குக் காட்டவில்லை.

சாப்பிட்ட கையோடு யன்னலோரக் கதிரைக்குப் போய் இருந்தார். முக்காலி இன்னும் அங்கேதான் நிற்கிறது. நான் தட்டெடுத்துக்கொண்டு போகும்போது, கூட்டாளி எப்படியும் கிடைப்பா மாமி என்று சொன்னேன்.

"கிடைப்பாள். ஆனா அவள் இவ்வளவுக்கு நான் செத்துப்போனன் எண்டு எனக்கு ஓதி முடிச்சிருப்பாள், பிள்ளை. இனி நான் கதைச்சால் பயந்துபோவாள்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. தட்டைக் கழுவக் குசினிக்குள் போனேன்.